நடக்காத கல்யாணத்துக்கு ஆதாரம்

ஜூலை 5, ஞாயிறு

சித்தி இன்றைக்கும் சாப்பிட வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், எட்டு நிமிட நடை. போன ஞாயிறு முழங்கால் வலி என்றாள், நம்பினேன். இன்றைக்கும் அதே முழங்கால். ஆனால் அந்த முழங்காலோடு புதன்கிழமை நூலகத்துக்கு இரண்டு மாடி ஏறியிருக்கிறாள். நூலகக்காரர் இவரிடம் சொன்னாராம். (இவர் என்றால் வீட்டுக்காரர். நோட்டில்கூடப் பேர் எழுத வரவில்லை, அப்படிப் பழகிவிட்டது.)

சாயங்காலம் நானே போனேன். கதவைத் திறந்தாள், உட்கார் என்று சொல்லவில்லை. கைபேசியை நீட்டினாள்.

"இதப் படி."

மரத்தண்ணனின் மரம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு வருஷமாக இணையத்தில் குடும்ப மரம் வளர்க்கிறார். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பேர் சேர்ந்தாயிற்று. போன வாரம்தான் குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டு, 'எல்லாரும் பார்த்துச் சரி சொல்லவும்' என்று எழுதியிருந்தார். நான் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சித்தி ஒருத்திதான் திறந்து பார்த்திருக்கிறாள்.

மரத்தில் அப்பாவின் பெயர் போட்ட பெட்டி. ஒரு பக்கம் அம்மா, இறந்த தேதியோடு. இன்னொரு பக்கம் சித்தி. அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் 'திருமணம் 2'.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று, சித்திக்கு இருபத்து நான்கு. ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள், எங்களை வளர்த்தாள். அப்பாவை அவள் கட்டிக்கொள்ளவில்லை. யாரையுமே கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு நானே எழுதிக்கொள்ளும் நோட்டில் எதற்கு இந்த விளக்கம்? சின்ன வயதிலிருந்து ஊர்பட்ட பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் தானாகவே ஆரம்பித்துவிடுகிறது.

"அழிக்கச் சொல்லு," என்றாள். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல தப்பான கனெக்ஷன் விழுந்துட்டா உடனே பிடுங்கிடுவோம். ஒரு வார்த்தை பேச விடமாட்டோம். இது எத்தனை நாளா பேசிட்டிருக்கோ."

"அஞ்சு நிமிஷ வேலை சித்தி. நான் பாத்துக்கறேன்."

"ஆகட்டும். ஆகற வரைக்கும் உங்க வீட்டுக்கு வரலை. அந்தக் கூட்டத்துக்கும் வரலை."

கூட்டம் ஆகஸ்ட் 9. அண்ணன் வருகிறார். அரங்கம் பிடித்து, மரத்தைப் பன்னிரண்டு அடி பேனராக அடித்து மாட்டப்போகிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

முப்பத்தேழு வருஷம் ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் நடந்தவள். அவள் பெயரைப் பன்னிரண்டு அடியில் தொங்கவிடுவதா? விடமாட்டேன்.

ஜூலை 6, திங்கள்

ஆய்வகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து திருத்தக் கோரிக்கை அனுப்பினேன். தளத்தில் அதற்கென்று ஒரு படிவம். என்ன தவறு, எது சரி, ஆதாரம் என்ன. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் அனுப்பு பொத்தான் வேலை செய்ய மாட்டேன் என்கிறது. 'குடும்பத்தில் அனைவரும் அறிவர்' என்று போட்டேன்.

என் பெட்டியையும் திறந்து பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் 3. பள்ளியில் கொடுத்த தேதி, சான்றிதழ்களில் உள்ள தேதி. அதுவாவது சரியாக இருக்கிறது.

இருபத்தொன்பது வருஷமாக எனக்கு இதுதான் தொழில். குழாயில் ஒட்டிய சீட்டில் பெயரும் பிறந்த தேதியும் படிவத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரத்தத்தைத் தொடமாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். பெரிய டாக்டரே வந்து கேட்டாலும் அப்படித்தான். பின்னால் எனக்கு 'திருப்பியனுப்பி' என்று பட்டப்பெயர் இருப்பது தெரியும். இருக்கட்டும். தப்பான சீட்டால் ஒருத்தருக்கு மாற்று ரத்தம் ஏறினால் அப்புறம் சிரிக்க ஆள் இருக்காது.

ஜூலை 7

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 'போதுமான ஆதாரம் இல்லை. – நிர்வாகி.'

நிர்வாகி மரத்தண்ணனேதான். திருப்பியனுப்பியையே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூலை 8, புதன்

அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தேன். முக்கால் மணி நேரம். முதலில் பாசமாகத்தான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"உனக்கு சித்தி. எனக்கும் சித்தி. நான் சின்ன வயசுல லீவுக்கு வந்தப்போ அவங்களைச் சித்தின்னுதானே கூப்பிட்டேன்? சித்தப்பா சம்சாரம்தானே சித்தி?"

"அண்ணா, எங்களுக்கு அவங்க அம்மாவோட தங்கச்சி, அதனால சித்தி. நாங்க கூப்பிட்டதப் பாத்து நீங்களும் கூப்பிட்டீங்க."

"அப்படின்னு நீ சொல்றே. எங்கம்மா வேற மாதிரி சொல்லியிருக்காங்களே. ரெண்டு பேரும் யாருக்கும் சொல்லாம பதிவு பண்ணிக்கிட்டாங்கன்னு."

பெரியம்மா! போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் அந்த வாய் போகும்போது என்னத்தை எல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது!

"பாத்தீங்களா? யாராவது பாத்தாங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"கோவப்படாதேம்மா. நான் வாய்ப்பேச்ச வெச்சு எதையும் போடறதில்ல. எங்கிட்ட அச்சுல இருக்கு. அனுப்பறேன், பாரு. அதுக்கு மேல பலமா நீ ஒண்ணு கொண்டா, உடனே மாத்திடறேன். பேனர் முப்பத்தொண்ணாம் தேதி அச்சுக்குப் போகுது."

நடந்த கல்யாணத்துக்குப் பதிவு இருக்கும், படம் இருக்கும், சாட்சி இருக்கும். நடக்காத கல்யாணத்துக்கு எங்கே போய் ஆதாரம் வாங்குவது?

ஜூலை 9

அண்ணன் அனுப்பிவிட்டார்.

அப்பாவின் இறப்பு அறிவிப்பு. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள். நான் கொடுத்தது.

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்குச் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனவள் நான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். 'பிரிவால் வாடுவோர்' பட்டியலைக் கேட்டார். மகள், மருமகன், மகன், மருமகள் சொன்னேன். சித்தியின் பெயரைச் சொன்னேன். "இவங்க இறந்தவருக்கு என்ன முறை?" என்றார்.

கொழுந்தியாள் என்பதுதான் சரியான பதில். அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை. கொழுந்தியாள் என்றாலே ஆண்களுக்கு ஒரு இளிப்பு வரும், பார்த்திருக்கிறேன். மைத்துனி என்று ஒரு மரியாதையான சொல் இருக்கிறது. அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "சித்தி" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார். மறுநாள் அச்சில் சித்தியின் பெயர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் இருந்தது. மனைவி பெயர் வரும் இடத்தில்.

அப்பாவுக்கு இரண்டாம்தாரமாக வந்தவளையும் பிள்ளைகள் சித்தி என்றுதான் சொல்லும். குமாஸ்தாவுக்கு அது ஒன்றுதான் தோன்றியிருக்கிறது.

சீட்டை மாற்றி ஒட்டியது நானேதான். நான்!

ஜூலை 11, சனி

இரண்டு நாளாக ஒன்றும் ஓடவில்லை. இவர் லிப்ட் ரிப்பேர்க்காரர், எதையும் நட்டு போல்ட்டாகத்தான் பார்ப்பார். "தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? பாதி வேலை முடிஞ்சுது" என்கிறார். பாதியா!

அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே கிடையாது. சித்தி அடுக்களையில் நின்று, "உங்கப்பாகிட்ட சொல்லு, மழை வருது, குடை எடுத்துக்கச் சொல்லி" என்பாள். நாலடி தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அப்பா, "உங்க சித்திகிட்ட சொல்லு, எடுத்துக்கிட்டேன்னு" என்பார். நான் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். சித்திக்கு வேலை தொலைபேசி நிலையத்தில். வீட்டிலும் அதே வேலைதான், கம்பி மட்டும் நாங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போன பிறகு? அப்போதும் நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "யாரோ விளக்க அணைக்காம வந்துட்டாங்க போல" என்று சித்தி பொதுவாகச் சொல்வாள். அப்பா எழுந்து போய் அணைப்பார். நாங்கள் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமில்லை என்று ஐம்பத்து மூன்று வயதில் புரிகிறது. ஒரு கோடு போட்டுக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர் கடைசிவரை நின்றிருக்கிறார்கள். அண்ணன் அதே இடத்தில் வேறு கோடு போட்டுவிட்டார்.

ஜூலை 12, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல். "சித்தி, அப்பா அறிவிப்புல உன்னை அப்படிப் போட்டது நான்தான். அத வெச்சுத்தான் அண்ணன்—"

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்குப் பேப்பர் வந்தவுடனே படிச்சேன்ல."

"படிச்சுட்டு ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீ அழுதுட்டிருந்தே. அப்பதான் ஒரு வாய் காபி குடிச்சிருந்தே." பிறகு, "பேப்பர்தானே, மறுநாள் அலமாரிக்கு அடியில விரிச்சுடுவாங்கன்னு விட்டுட்டேன். இது அப்படி இல்லையே. எடுத்தா எடுத்த இடத்துல எல்லாம் முளைக்குது."

அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும், "சரி, அழுதாச்சு. அடுத்து என்ன பண்ணப் போறே?" என்றாள்.

ஜூலை 13

யோசித்தேன். ரத்தத்தில் ஒரு நோய் இல்லை என்றும் நாங்கள் சான்று கொடுக்கிறோமே. இல்லாததற்கும் சோதனை உண்டு. தேடி, காணவில்லை என்று யாராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தியின் பணிப்பதிவேடு! வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுவரை எல்லாம் அதில் ஏறியிருக்கும்.

ஜூலை 15, புதன்

அரை நாள் விடுப்பு. சித்தியையும் கூட்டிக்கொண்டு பழைய தொலைபேசி அலுவலகம். ஆவண அறையில் இருந்தவர் பாதி வடையை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"இவங்களுக்குக் கல்யாணம் ஆகலைங்கறதுக்குப் பதிவேட்டுல இருந்து ஒரு நகல் வேணும்."

சித்தியை மேலும் கீழும் பார்த்தார். எழுபது வயது, வெள்ளைத் தலை, கையில் குடை. "கல்யாணம் ஆகலைன்னு வழக்கமா யார் கேப்பாங்க தெரியுமா? கல்யாணம் பண்ணிக்கப் போறவங்கதான்."

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சித்தி, "ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வரன் இருக்கா?" என்றாள்.

அவருக்குப் புரையேறிவிட்டது. படிவம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று சித்தி சிரித்தாள். மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

ஜூலை 17

பதிவேடு கிடைக்கவில்லையாம். செவ்வாய் வரச் சொன்னார்கள்.

ஜூலை 19, ஞாயிறு

சித்தி இல்லாத நான்காவது ஞாயிறு. உருளைக்கிழங்கு வறுத்தேன். அவள் கைப்பக்குவம் எனக்கு வரவே வராது. அவளும் அடிக்கடி செய்யமாட்டாள். ஆகஸ்டில் என்றைக்காவது ஒருநாள் டப்பா நிறையக் கொண்டுவந்து வைப்பாள். என்ன விசேஷம் என்றால், "நல்ல கிழங்கு கிடைச்சுது" என்பாள். இந்த வருஷம் அதுவும் இல்லாமல் போய்விடுமோ.

இவர், "கருகிப்போச்சே" என்றார். தெரியும்.

ஜூலை 21, செவ்வாய்

கிடைத்தது!

பதிவேடு மடியில் கனத்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவார்களாம். 'மண நிலை' என்ற வரியில் ஏழு முறை 'மணமாகாதவர்'. ஏழு முறை சித்தியின் கையெழுத்து, ஏழு அதிகாரிகளின் முத்திரை. கடைசியாகப் போட்டது அவளுக்கு ஐம்பத்தைந்து வயதில். போதுமா அண்ணா ஆதாரம்? போதுமா?

ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரி. 'சார்ந்திருப்போர்.'

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது நடந்த சரிபார்ப்பில் சித்தி எழுதியிருக்கிறாள்: 'பிள்ளைகள் இருவர்.' எங்கள் பெயர்கள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் வேறு கையெழுத்து: 'ஊழியரின் பிள்ளைகள் அல்லர். நீக்கப்பட்டது.'

ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் எழுதியிருக்கிறாள். மறுபடியும் சிவப்புக் கோடு.

மூன்றாவது தடவை: 'அக்காள் பிள்ளைகள் இருவர், என் பொறுப்பில்.' அதற்கும் கோடு. எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இது எதுவும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த வரி காலி.

நகல் எடுக்கும்போது ஆவண அறைக்காரர் கேட்டார், "அந்த ரெண்டு பிள்ளைங்கள்ல ஒண்ணு நீங்களா?" ஆமாம் என்றேன். அவர் அந்தப் பக்கத்தைத் தெளிவாக விழவில்லை என்று இரண்டாம் முறை எடுத்துக் கொடுத்தார். சித்தி சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூலை 22

அனுப்பியாயிற்று. ஏழு பக்கம்.

ஜூலை 23, வியாழன்

அண்ணன் அழைத்தார். ஏழு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "தப்பு எம்மேலதான்மா. எங்கம்மா பேச்சுல பாதி மயங்கிட்டேன்" என்றார். "என்மேலயும் இருக்கு, அறிவிப்பு நான் குடுத்தது" என்றேன். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ஒரு சிக்கல். அண்ணனின் மரத்திலிருந்து வேறு சொந்தக்காரர்கள் நகலெடுத்துத் தங்கள் மரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பது மரம். அவர் திருத்தினால் அவருடையது மட்டும்தான் மாறுமாம். ஒன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதப்போகிறேன்.

ஜூலை 25, சனி

ஒன்பதில் ஆறு முடிந்தது. ஒருத்தர் 'இதெல்லாம் இப்போ யார் பார்க்கப்போகிறார்கள்?' என்று பதில் போட்டார். 'சம்பந்தப்பட்டவர் பார்த்தார்' என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் திருத்திவிட்டார்.

ஜூலை 26

எட்டு.

ஜூலை 27, திங்கள்

ஒன்பதும் முடிந்தது. ஒன்பதாமவர் ஒரு பல் டாக்டர். யாரென்றே எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. மூன்று முறை எழுதிப் பதில் இல்லாமல் கடைசியில் அவருடைய மருத்துவமனைக்கே போன் போட்டு முன்பதிவு கேட்டேன். எந்தப் பல் என்றார்கள். பல் இல்லை, மரம் என்றேன்.

சித்தி பெட்டிக்கும் அப்பா பெட்டிக்கும் நடுவே இப்போது ஒன்றும் இல்லை. சந்தோஷமாகத்தான் பார்த்தேன். ஒரு நிமிஷம்.

கோட்டை எடுத்ததும் தளம் தானாகவே எங்களையும் அவளிடமிருந்து கழற்றிவிட்டது. சித்தி இப்போது அம்மா வீட்டார் கிளையில், கடைக்கோடியில், தனியாக. கீழே கோடு எதுவும் இல்லை. 'துணைவர்: இல்லை. பிள்ளைகள்: இல்லை.'

தம்பிக்கு அனுப்பினேன். அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், வகுப்புக்கு நடுவில் அழைத்தான். "என்னக்கா இது? அப்ப நம்மள வளத்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரங்களா?" பின்னால் யாரோ ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தச் சிவப்பு மைக்காரர் எழுதியதும் உண்மைதானே? ஐயோ, நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

ஜூலை 28, செவ்வாய்

தளத்தில் தாய் என்பதற்கு வகைகள் இருக்கின்றன. பெற்ற தாய், தத்தெடுத்த தாய், மாற்றாந்தாய், வளர்த்த தாய். ஒரு பிள்ளைக்கு இரண்டு வகைத் தாய் இருக்கலாம். அம்மா பெட்டியைத் தொட வேண்டியதே இல்லை. அண்ணனிடம் கேட்டேன், "போடலாமே! ஆனா உயிரோட இருக்கறவங்க சம்மதிக்கணும், அது தளத்தோட விதி" என்றார். எனக்கும் தம்பிக்கும் சேர்த்துக் கோரிக்கை அனுப்பினேன். சித்தியின் கைபேசிக்குப் போயிருக்கும். 'ஏற்கிறேன்' என்று அவள்தான் அழுத்த வேண்டும்.

சாயங்காலம் போனேன். பார்த்துவிட்டாள்.

"நான் அழிக்கத்தானே சொன்னேன்? எழுதச் சொல்லலையே."

"ஏன் சித்தி, எழுதினா என்ன?"

"எழுதினா கோடு போடுவாங்க. மூணு தடவை பாத்தாச்சு." மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். "எழுதலைன்னா நீங்க இல்லைன்னு ஆயிடுமா? விடு."

விட்டுவிட்டு வந்தேன். கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லை. நான் இந்த விஷயத்தில் விடப்போவதில்லை. ஆனால் அழுத்தவும் மாட்டேன். அது அவள் விரல்.

ஜூலை 31

பேனர் அச்சுக்குப் போயிற்று. சித்தி சம்மதம் வரவில்லை. தனிப் பெட்டியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மணி பன்னிரண்டரை. வாசலில் குடை. "முழங்கால் சரியாயிடுச்சு" என்றாள்.

இவர் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். சித்தி ஒரு வாய் எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "யாரோ ரொம்ப சந்தோஷத்துல சமைச்சிருக்காங்க" என்றாள்.

மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கூட்டம். வாடகை அரங்கம், மடக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கி ஒன்று சும்மா கத்திக்கொண்டிருந்தது. எண்பது பேர் இருக்கும். பேனர் ஒரு சுவர் முழுக்க. எல்லாரும் தங்கள் பெட்டியைக் கண்டுபிடித்து விரல் வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி சாம்பல் நிறப் புடவை கட்டி வந்திருந்தாள். நேரே பேனருக்குப் போனாள். முதலில் அப்பா பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தன் பெட்டி. ரொம்ப நேரம் நின்றாள்.

மரத்தண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். அறுபது வயது மனுஷர், கையைக் கட்டிக்கொண்டு. "மன்னிச்சுடுங்க" என்றார். "இனிமே உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?"

"இத்தனை நாள் என்னன்னு கூப்பிட்டே?"

"சித்தின்னு."

"அப்படியே கூப்பிடு. கூப்பிட்டதுல தப்பு இல்ல. கோடு போட்டதுலதான் தப்பு."

அவர் சிரித்துவிட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். சித்தி மறுபடி பேனரைப் பார்த்தாள். தன் பெட்டிக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "நிறைய இடம் விட்டிருக்கே," என்றாள். அண்ணனிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா, தெரியாது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சித்தி வந்து டப்பாவைக் கொடுத்தாள். சூடாக இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல். "என்ன சித்தி விசேஷம்?"

"நல்ல கிழங்கு கிடைச்சுது. பஸ்ஸ விட்டுடாதே, போ."

இடைவேளையில் கைபேசியைப் பார்த்தேன். தளத்திலிருந்து தகவல். 'உங்கள் பதிவில் இரண்டு மாற்றங்கள்.'

முதலாவது: 'வளர்த்த தாய். கோரிக்கை ஏற்கப்பட்டது.' காலை ஆறு இருபதுக்கு. தம்பியுடையதும் ஆறு இருபத்தொன்றுக்கு.

இரண்டாவது என் பிறந்த தேதி. ஜூன் 3 என்பது அடிக்கப்பட்டு, ஆகஸ்ட் 11 என்று மாற்றப்பட்டிருந்தது. திருத்தியவர் சித்தி. ஆதாரம் என்ற கட்டத்தில் அவளே தட்டச்சு செய்திருக்கிறாள்:

'பிரசவ அறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள்.'

அதன் கீழே, 'போதுமான ஆதாரம். – நிர்வாகி.'

நாற்பத்தாறு வருஷமாகத் தப்பான சீட்டோடு திரிந்திருக்கிறேன், அதுவும் நான்! ஆய்வக நடைபாதையில் நின்று அவளை அழைத்தேன். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை.

"சித்தி, ஜூன் 3 யாரு சொன்னது?"

"உங்கப்பா. அக்கா இறந்துபோன மாசம் உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்துல சேத்தாரு. அன்னிக்கு அவர் இருந்த நிலைமைக்கு வாயில வந்த தேதியச் சொல்லிட்டாரு."

"உனக்குத் தெரியுமில்ல? அப்பவே ஏன் தப்புன்னு சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நான்தான் அவர்கிட்ட நேரா பேசறதில்லையே."

பிறகு, "கிழங்கு ஆறிடும். போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை.